பிராய்லர் கோழிய நெனச்சா பயமா இருக்கு, கறி சாப்பிடறதையே விட்டுடலாமா?

கேள்வில ரெண்டு விஷயம் சொல்லியிருக்கீங்க, கோழிக்கு ஹார்மோன் ஊசி போடற வீடியோ பாத்தது ஒண்ணு, ஷவர்மா சாப்ட்டு உயிர் போன நியூஸ் படிச்சது இன்னொண்ணு. அனேகமா வீட்ல சின்னக் கொழந்தை இருக்கும், மாமியார் நாட்டுக்கோழி வாங்குன்னு சொல்லிட்டிருப்பாங்க, ஃபேமிலி குரூப்ல யாராவது ஒரு பெரியப்பா தினம் ஒரு வீடியோ போட்டுட்டிருப்பாரு. நான் இந்த மாதிரி கேள்விக்கெல்லாம் பதில் போடற ஆள் இல்லைங்க, ஆனா ஹார்மோன்னு பாத்ததும் கை சும்மா இருக்கல.

எங்க ஊரு பல்லடம் பக்கம். அப்பா பிராய்லர் பண்ணை வெச்சிருந்தாரு, 5000 கோழி ஷெட்டு. கோழி எங்களோடது இல்ல, கம்பெனிக் கோழி. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனி குடுக்கும், ஷெட்டு, கரண்டு, தண்ணி, தரைக்குப் போடற தேங்கா மஞ்சி, ராத்தூக்கம் எல்லாம் நம்ம செலவு. 40 நாள் 42 நாள்ல ரெண்டு கிலோ வந்ததும் ராத்திரியோட ராத்திரியா லாரி வந்து புடிச்சுட்டுப் போயிடும், கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி கைக்கு வரும், அதுவும் கோழி அதிகமா செத்திருந்தா தீவனம் அதிகமா தின்னுருந்தா கழிச்சுட்டுத்தான்.

இப்ப சொல்லுங்க, 5000 கோழிக்கு யாரு உக்காந்து ஊசி போடறது? எங்க அப்பாவும் அம்மாவும் ரெண்டே பேரு. அப்படியே போட்டாலும் வளர்ச்சி ஹார்மோன் ஒரு தடவை போட்டா வேலை செய்யாது, திரும்பத் திரும்பப் போடணும், தீவனத்துல கலக்கலாம்னா அது ஒரு புரோட்டீன், பருப்பு மாதிரி வயித்துல செரிச்சுடும். கோழி 40 நாள்ல வளர்றது அந்த ரகம் அப்படி, பல வருஷமா வேகமா வளர்றதையே பொறுக்கி எடுத்து இனம் பெருக்கினது, கூட மக்காச்சோளமும் சோயாவும். நீங்க பாத்த வீடியோ தடுப்பூசியா இருக்கலாம். வெள்ளைக்கழிச்சல்னு கோழிக்கு வர்ற நோய்க்கு குஞ்சுக்கு ஒரு வாரத்துல கண்ணுல சொட்டு மருந்து விடுவாங்க, லீவு நாள்னா நான்தான் ஒவ்வொண்ணா புடிச்சுக் குடுப்பேன், கை பூரா குஞ்சு வாசம் ரெண்டு நாளைக்குப் போகாது.

அந்த வாசம்னு சொன்னதும் ஞாபகம் வருது, எனக்கு மாப்ள பாத்தப்ப ஒரு வீட்ல ஜாதகமெல்லாம் பொருந்தி, வந்து பாத்துட்டுப் போய், "கோழிப்பண்ணை வீடு, ஈ மொய்க்குது, சம்பந்தம் பேசப் போனாக்கூட உக்கார முடியல"ன்னு சொல்லி அனுப்பினாங்க. அன்னிக்கு வந்த ஏழு பேரும் எங்க அம்மா வெச்ச சிக்கன் வறுவல ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டவங்க. சரி அது வேற கதை.

ஆனா பண்ணைக்காரங்க மேல ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். 2018 ஐப்பசி மழைல ஒரு பேட்ச்சுக்கு சளி புடிச்சுது, 33வது நாள். ராத்திரி ஷெட்டுக்குள்ள நின்னா கொர்ரு கொர்ருன்னு சத்தம் கேக்கும். கம்பெனி சூப்பர்வைசர் வந்து தண்ணித் தொட்டில ஆன்டிபயாடிக் கலக்கச் சொன்னாரு. மருந்து குடுத்தா, அது கறில தங்காம இருக்க இத்தனை நாள் நிறுத்தி வெச்சு அப்புறம்தான் கோழி புடிக்கணும்னு கணக்கு இருக்கு. அந்த வாரம் பாத்து விலை ஏறிடுச்சு, 37வது நாளே லாரி வந்து நின்னுடுச்சு. எப்பவும் கோழி புடிக்கற அன்னிக்கு வீட்டுக்குன்னு ரெண்டு எடுத்து வெப்போம். அம்மா கூடைய எடுத்துட்டுப் போனாங்க, அப்பா டார்ச்சை கீழ பாத்து அடிச்சுட்டே "இந்த பேட்ச் நமக்கு வேண்டாம்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. லாரி கோயமுத்தூர் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு ஞாயித்துக்கிழமை, நானும் கோயமுத்தூர் ஹாஸ்டல் மெஸ்ல தட்டை வெச்சுட்டு உக்காந்திருக்கேன், சிக்கன் பிரியாணி. சாப்பிட முடியல. அன்னிக்கு விட்டதுதான்.

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்ல போட்றாதீங்க ப்ளீஸ். எல்லா பேட்ச்சும் அப்படி இல்ல, பெரும்பாலான பேட்ச்ல எங்க வீட்டுக்கும் அதே கோழிதான் வரும். அப்பா லாரிய நிறுத்தியிருக்கலாமேன்னு யாராவது வருவீங்க, அடுத்த குஞ்சு குடுக்கறதும் அதே கம்பெனிதான், ஷெட்டு மேல பேங்க் லோன் வேற. ஆனா பயப்படணும்னா இதுக்குப் பயப்படுங்க, ஹார்மோனுக்கு இல்ல. 2014ல சிஎஸ்இன்னு டெல்லில இருக்கற ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு அமைப்பு டெல்லி சுத்துவட்டாரத்துல 70 கோழிக்கறி சாம்பிள் எடுத்து சோதிச்சப்ப 40 சதவீதத்துல ஆன்டிபயாடிக் எச்சம் இருந்துச்சு. கொலிஸ்டின்னு ஒரு மருந்து, மனுஷனுக்கு வேற எதுவும் கேக்காதப்ப கடைசியா போடறது, அதையே கோழிக்குக் குடுத்துட்டிருந்து 2019 ஜூலைலதான் தடை போட்டாங்க. கொதிக்க வெச்சா கிருமி சாகும், மருந்து எச்சம் முழுசா போயிடாது. ஒரு தட்டு சாப்ட்டா ஒண்ணும் ஆகாதுங்க, ஆனா கிருமி அந்த மருந்துக்குப் பழகிட்டா நாளைக்கு நமக்கு ஜுரம் வர்றப்ப மருந்து கேக்காமப் போயிடும்ங்கறதுதான் பிரச்சனை, அது கறி தொடாதவங்களையும் விடாது.

விட்டு என்ன ஆச்சுன்னா, அந்த ஒன்றரை வருஷத்துல எனக்கு டைபாய்டு வந்துச்சு, பானிபூரி தண்ணிலன்னு டாக்டர் சொன்னாரு.

திரும்ப ஆரம்பிச்சது 2020 மார்ச்ல. கோழில கொரோனா பரவுதுன்னு கிளப்பி விட்டாங்கல்ல, ஹைதராபாத்ல மந்திரிங்களே மேடையேறி கோழி சாப்ட்டுக் காட்டற அளவுக்குப் போச்சு, அப்ப எங்க ஷெட்ல 42 நாள் தாண்டியும் லாரி வரல. கோழி மூணு கிலோ ஏறி நடக்க முடியாம உக்காந்திருக்கு, அப்பா ரோட்டோரம் போர்டு வெச்சு கேட்ட விலைக்குக் குடுத்தாரு, அதுக்கும் ஆள் இல்ல. அந்த பேட்ச்சுக்கு ஒரு சொட்டு ஆன்டிபயாடிக் போகல, அப்பாவே தட்டுல எடுத்து வெச்சாரு, நான் மறுக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு பண்ணைய மூடிட்டாரு, இப்ப ஷெட்ல தேங்காதான் கெடக்கு.

ஷவர்மா விஷயம் வேற, அதையும் இதையும் கொழப்பிக்காதீங்க. நாமக்கல்ல 2023ல 14 வயசுப் பொண்ணு போனது, அதுக்கு முந்தின வருஷம் கேரளால ஒரு பொண்ணு போனது, ரெண்டும் கறிய வளர்த்ததால வந்தது இல்ல. கம்பில சுத்தற கறி வெளிப்பக்கம் மட்டும் வெந்திருக்கும், கூட்டம் வந்தா உள்பக்கத்தையும் சீவிப் போட்டுடுவாங்க, மிச்சத்தை மறுநாளும் ஏத்துவாங்க. பச்சை முட்டை மயோனைஸ் வேற, அதைத்தான் 2025 ஏப்ரல்ல தமிழ்நாட்ல ஒரு வருஷத்துக்குத் தடை பண்ணாங்க. நான் ஷவர்மா தொடறதே இல்ல, கொழந்தைக்கு ஈரலும் குடுக்கறதில்ல, மருந்து தங்கற இடம் அது. கறிய குழாய்க்கு அடில வெச்சுக் கழுவாதீங்க, தெறிக்கற தண்ணி பக்கத்துல இருக்கற தக்காளி தட்டு எல்லாத்து மேலயும் போகும், இதை நான் எங்க அம்மாகிட்டயே ஜெயிக்கல, மஞ்சள் போட்டு நாலு தண்ணி கழுவிட்டுத்தான் விடுவாங்க.

விடறதா இருந்தா தாராளமா விடுங்க, ஆனா வீடியோவுக்காக விடாதீங்க. சாப்பிடறதா இருந்தா அறுத்து வெச்சதை வாங்காம கண்ணு முன்னாடி அறுக்கற கடைக்குப் போங்க. கூண்டுப் பக்கத்துல ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க, வாயத் தொறந்து மூச்சு இழுக்குதா, கொர்ருன்னு சத்தம் வருதான்னு கேளுங்க, வந்தா அன்னிக்கு முட்டைக் குழம்பு வெச்சுக்கோங்க. வெயில் ஏறிட்டா நல்ல கோழியும் வாயத் தொறக்கும், வித்தியாசம் தெரியாது, அதனால காத்தால ஆறரைக்குள்ள போயிடணும். கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, எங்க கடைக்காரர் இப்பல்லாம் என்னைப் பாத்ததும் அவரே கூண்டைத் திருப்பி வெச்சுடறாரு.