கோடைப் பாவாடைக்கு எத்தனை நூல்கண்டு?

கேள்வி: பல வண்ணங்களில் ஒரு கோடைப் பாவாடையை வீட்டிலேயே குரோஷாவில் (கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) பின்ன ஆசை. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல் மலிவாகவும் பளிச்சென்றும் இருக்கிறது. பருத்தி நூல் விலை கூடுதல். எதை வாங்குவது? எத்தனை கண்டு தேவைப்படும்?

பதில்: வெயிலில் உடுத்தத்தான் என்றால் பருத்தியே வாங்குங்கள். அக்ரிலிக் வியர்வையை உறிஞ்சாது. இஸ்திரிப் பெட்டியின் சூடு கொஞ்சம் கூடினாலும் பின்னல் தட்டையாகிப் பாழாகும். பல நாள் உழைத்துப் பின்னியதை உடுத்த மனம் வராமல் போனால், நூலில் மிச்சம் பிடித்த காசுக்கு என்ன பொருள்?

ஆனால் பருத்திக்கும் ஒரு குறை உண்டு. அது கனமான நூல். நீட்டினால் கம்பளி நூல்போலத் தானாகச் சுருங்கி வராது. பாவாடை தன் பாரத்திலேயே கீழே இறங்கும், நனைந்தால் இன்னும் இறங்கும். ஆகவே மெல்லிய நூலாகப் பாருங்கள். பல லேபிள்களில் நூலின் தடிமன் 0 முதல் 7 வரை எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். பாவாடைக்கு 2 அல்லது 3 சரியாக இருக்கும். 4-க்குப் போனால் இடுப்பில் போர்வையைச் சுற்றிய மாதிரிதான். மெர்சரைஸ்டு பருத்தி என்று போட்டிருந்தால் நூல் பளபளப்பாக இருக்கும், சாயமும் நன்றாகப் பிடித்திருக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

எத்தனை கண்டு என்பதை யாரிடமும் கேட்காதீர்கள். ஒருவர் இறுக்கமாகப் பின்னுவார், இன்னொருவர் தளர்வாகப் பின்னுவார். கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். முதலில் ஒரே ஒரு கண்டு வாங்கி, பாவாடைக்கு நினைத்திருக்கும் அதே பின்னலில் 10 செ.மீ.க்குச் சற்றுப் பெரிய சதுரம் ஒன்றைப் பின்னுங்கள். துவைத்து, பரப்பி உலர்த்தி, அளந்து, சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். 100 சதுர செ.மீ.க்கு 4 கிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாவாடையின் சராசரிச் சுற்றளவு 120 செ.மீ., நீளம் 60 செ.மீ. என்றால் பரப்பு 7,200 சதுர செ.மீ.; அதற்கு 288 கிராம் நூல். இடுப்புப் பட்டை, விளிம்பு, இணைப்பு, வெட்டிவிடும் நுனிகள் எல்லாவற்றுக்குமாக ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டினால் சுமார் 345 கிராம். 50 கிராம் கண்டு என்றால் ஏழு போதும்.

பல வண்ணம் என்று வரும்போதுதான் பணம் கைநழுவும். அதே 345 கிராமை ஐந்து வண்ணங்களுக்குச் சமமாகப் பிரித்தால் வண்ணத்துக்கு 69 கிராம். அரைக் கண்டு யாரும் தரமாட்டார்கள். ஆக வண்ணத்துக்கு இரண்டு வீதம் பத்துக் கண்டு! சமமாகப் பிரிக்காதீர்கள். அடிப்பகுதியின் அகலமான பட்டைக்கு மூன்று, மற்ற நான்கு வண்ணங்களுக்கு ஒவ்வொன்று என முழுக் கண்டுகளுக்கு ஏற்றபடி வடிவத்தை அமைத்தால் ஏழிலேயே முடியும். கண்களுக்கும் அதுவே அழகு என்பது என் கட்சி.

ஒரே வண்ணத்தில் ஒரு கண்டுக்கு மேல் வாங்கும்போது, லேபிளில் வண்ண எண்ணோடு லாட் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரே தொட்டியில் சாயம் ஏறிய நூலுக்குத்தான் ஒரே லாட் எண். கடை விளக்கில் தெரியாத நிற வித்தியாசம் பகல் வெளிச்சத்தில் கோடு போட்டதுபோல் தெரியும். பிரிக்காத கண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சிவப்பு நூல் வெள்ளைப் பட்டையில் சாயம் விடுமோ என்று பயமாக இருக்கிறது. வாங்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: கடையில் முடியாது, வீட்டில் முடியும். ஒரு முழ நூலை வெட்டி, நனைத்த வெள்ளைத் துணியில் சுற்றி அழுத்தி, உலரும்வரை விட்டுவிடுங்கள். துணியில் தடம் விழுந்தால் அந்த நூலை வெள்ளைக்குப் பக்கத்தில் சேர்க்கவே வேண்டாம். உப்பு போட்டு அலசினால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். இன்றைய சாயங்களுக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் பணம் கட்டி ஒரு பாவாடை மாதிரிக் குறிப்பை வாங்கினேன். சொன்னபடியே பின்னியும், படத்தில் இருப்பதைவிட நெருக்கமாகவும் குட்டையாகவும் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை. அமெரிக்கக் குறிப்பும் பிரிட்டிஷ் குறிப்பும் ஒரே பெயரை வெவ்வேறு பின்னலுக்குச் சொல்கின்றன. அமெரிக்காவில் சிங்கிள் குரோஷா என்பது பிரிட்டனில் டபிள் குரோஷா. அமெரிக்க டபிள், பிரிட்டனில் டிரெபிள். நீங்கள் அமெரிக்கக் குறிப்பை பிரிட்டிஷ் முறையில் படித்திருக்கக்கூடும். அப்படிச் செய்தால் டபிள் வரவேண்டிய இடத்தில் உயரம் குறைந்த பின்னல் விழும். குறிப்பில் சிங்கிள் குரோஷா என்ற பெயர் எங்காவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அமெரிக்க முறை. எந்த முறை என்று குறிப்பில் எங்குமே எழுதாமல் விற்றிருந்தால், விற்றவரிடம் தாராளமாக முறையிடலாம்.

கேள்வி: பன்னிரண்டு ஊசிகள் கொண்ட செட் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நூல் லேபிளில் சொன்ன அளவில் ஒன்று, அதற்கு அடுத்த அளவில் ஒன்று போதும்.

கேள்வி: பின்னப் பொறுமை இல்லை. 'கையால் பின்னிய குரோஷா பாவாடை' மிக மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: கையால் போடும் குரோஷாவை அப்படியே போடும் இயந்திரம் ஆடைத் தொழிலில் புழக்கத்தில் இல்லை. அதனால் மிகக் குறைந்த விலைக்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும்: அது குரோஷா போலத் தோன்றும் இயந்திரத் துணி, அல்லது பின்னியவருக்குக் கூலி சரியாகப் போய்ச் சேரவில்லை. உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வண்ணம் மாறும் இடங்களில் நூல் நுனியைப் பின்னலுக்குள் செருகி மறைத்த தடம் கைவேலையில் இருக்கும். விரல் நகத்தால் தடவினால் அங்கே கொஞ்சம் தடிப்பாக இருக்கும். வண்ணம் வெளிப்பக்கம் மட்டும் பளிச்சென்றும் உள்ளே வெளிறியும் இருந்தால் அது அச்சடித்த துணி. இணையத்தில் வாங்குவதானால் உள்பக்கப் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.