சாம்பல் பச்சை இரண்டு: எதை அடிப்பது?

கேள்வி: படுக்கையறைக்குச் சாம்பல் கலந்த பச்சையில் இரண்டு ஷேடுகளை எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று லேசாக நீலச் சாயல், மற்றது பழுப்புச் சாயல். ஷேடு கார்டில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அறையில் நேரடி வெயில் விழாது, அலமாரி மரநிறம். எது சரி?

பதில்: அந்த அறையில் இரவில் என்ன பல்பு எரிகிறது? முதலில் அதைப் பாருங்கள். மங்கலான ஷேடில் நிறம் கொஞ்சம்தான் இருக்கும். வெளிச்சம் இழுக்கிற பக்கம் சாய்ந்துவிடும். 2700 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்புச் சாயல் காக்கியாகிவிடும். நீலச் சாயலோ அடங்கி, நீங்கள் ஆசைப்பட்ட சாம்பல் பச்சையாக நிற்கும். 6500 கெல்வின் வெள்ளை எல்இடி என்றால் தலைகீழ். நீலச் சாயல் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஆகிவிடும், பழுப்பையே எடுங்கள்.

பகலில் இன்னொன்றும் சேரும். வெயில் படாத அறைக்குள் வருவது வானத்தின் நீல வெளிச்சம். அதோடு, ஆரஞ்சு கலந்த மரநிறத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறங்கள் சற்று நீலமாகத் தோன்றும். பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-இலேயே இதை விளக்கிவிட்டார். எனவே பகலில்தான் அதிகம் புழங்குவீர்கள் என்றால் பழுப்புச் சாயல் பாதுகாப்பு. இரவில் மட்டும், மஞ்சள் பல்பில் என்றால் என் ஓட்டு நீலத்துக்கு.

சோதிக்காமல் வாங்க வேண்டாம். பெரிய வெள்ளை அட்டைகளில் தனித்தனியாக இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, நன்றாகக் காயவிடுங்கள். எமல்ஷன் காய்ந்தால் பெரும்பாலும் கொஞ்சம் அடர்ந்துவிடும். பழைய சுவரிலேயே அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றும். ஜன்னலுக்கு எதிரே, இருண்ட மூலையில், அலமாரிக்குப் பக்கத்தில் என்று அட்டையை நகர்த்தி, பகலிலும் இரவிலும் பாருங்கள். ஒருமுறை சேர்த்து வைத்துப் பார்த்தால் போதும், அப்புறம் ஒன்றை ஒளித்துவிடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். சுவரில் இருக்கப்போவது ஒன்றுதானே. பளபளப்பில்லாத மேட், லேசாகப் பளபளக்கும் ஷீன் என்று கலக்காமல் இரண்டையும் ஒரே ஃபினிஷில் வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பிரித்துச் சொல்ல முடியவில்லையா? கார்டிலோ நிறுவனத்தின் தளத்திலோ எல்ஆர்வி என்ற எண் இருக்கும். ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்பும் என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் அது. வெயில் இல்லாத அறைக்கு, அது எதில் அதிகமோ அதை வாங்கிவிடுங்கள்.