சைக்கிள் கேள்வி-பதில்: மேடில்லாத பாதையில் ஆறு நாள்

கேள்வி: நண்பர்கள் நால்வர் செப்டம்பரில் பிரான்சின் கனால் டு மிடி கால்வாய்க் கரையோரம் துலூசிலிருந்து சேத் வரை சைக்கிளில் போகப் போகிறோம். எல்லாரிடமும் 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோட் பைக்தான். கால்வாய்க் கரையில் மேடு இருக்காது, நாளுக்கு 80 கிலோமீட்டர் என்று மூன்றே நாளில் முடித்துவிடலாம் என்கிறார் ஒரு நண்பர். முடியுமா?
- பட்டர்வொர்த் வாசகர்

பதில்: மேடு இல்லை என்பது வரை நண்பர் சொல்வது சரி. ரிக்கே என்பவர் கட்டத் தொடங்கி 1681-இல் திறக்கப்பட்ட இந்த 240 கி.மீ. கால்வாயின் உச்சியான நொரூஸ், கடல் மட்டத்திலிருந்து வெறும் 189 மீட்டர். பினாங்கில் தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் ஏறிப் பழகியவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

சோதனையெல்லாம் தரையில்தான். துலூசிலிருந்து முதல் 50 கி.மீ. நல்ல தார்ப்பாதை. அதற்கப்புறம் சரளை, மண், சில இடங்களில் ஒற்றையடித் தடம். கரையோர பிளேன் மரங்களின் வேர்கள் குறுக்கே புடைத்துக் கிடக்கும். மணிக்கு 20 கி.மீ. மிதிக்கிறவர் அங்கே 10, 12-க்கு இறங்கிவிடுவார். பெஸியேவுக்கு முன்னால் 54 கி.மீ. தூரத்துக்குப் படகு ஏற்றி இறக்கும் மதகு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் அவ்வளவு சமமட்டம். ஆனால் அந்தச் சமமட்டத்துக்காகவே கால்வாய் குன்றுகளைச் சுற்றிச் சுற்றி வளைகிறது. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் ஊர், கரையோரமாகப் போனால் பக்கத்தில் இருக்காது. சில பகுதிகளைச் செப்பனிட்டு வருகிறார்கள். அதை நம்பி டயர் வாங்க வேண்டாம்.

ஆகவே ஆறு நாள் வையுங்கள். காஸ்தெல்நோதாரிக்கு 65 கி.மீ., கார்காசோனுக்கு 40, ஓம்ஸுக்கு 40, காப்பெஸ்தாங்குக்கு 43, அக்துக்கு 43, கடைசியாகச் சேத்துக்குச் சுமார் 25. கார்காசோன் கோட்டைக்கு அரை நாள் தேவை. ஐந்தாம் நாள் பெஸியேவில் 21.5 மீட்டர் இறங்கும் ஃபோன்செரான் மதகுப் படிக்கட்டில் எப்படியும் ஒரு மணி நேரம் நின்றுவிடுவீர்கள்.

28 மில்லிமீட்டர் டயரை மறந்துவிடுங்கள். குறைந்தது 38, முடிந்தால் 40. சுமையோடு 90 கிலோ வந்தால் 40 மில்லிமீட்டர் டயரில் பின்னுக்கு 45, முன்னுக்கு 40 பிஎஸ்ஐயில் தொடங்கிப் பாருங்கள். காற்றைக் கல்போல் அடித்தால் வேருக்கு வேர் வண்டி துள்ளும். ரொம்ப இறக்கினால் டியூப் ரிம்முக்கும் வேருக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ரோட் பைக் ஃபிரேமில் 40 நுழையாது என்றால் துலூசிலேயே வாடகைக்கு எடுங்கள். வேறு ஊரில் திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடைகளும் உண்டு. கட்டணம் கொஞ்சம் கூடும்.

துலூசிலிருந்து கிளம்புவதே நல்லது. கார்காசோன் இருக்கும் ஓத் பகுதியில் மேற்கிலிருந்து அடிக்கும் செர்ஸ் காற்று முதுகைத் தள்ளும். நொரூஸ் பக்கம் தென்கிழக்கிலிருந்து வரும் ஒதான் கிளம்பினால் அன்றைக்கு எதிர்காற்றுதான்.

கேள்வி: பின் கேரியரில் பை மாட்டி ஓட்டும்போது கம்பத்துச் சாலையில் போல்ட் கழன்று விழுந்துவிட்டது. நெடும்பயணத்தில் இதை எப்படித் தவிர்ப்பது?
- செந்தூல் வாசகர்

பதில்: பெரும்பாலான கேரியர்களில் எம்5 (5 மில்லிமீட்டர்) போல்ட்தான். அதிர்வில் வாஷரும் பெயின்ட்டும் கொஞ்சம் அமுங்கினாலே பிடி தளர்ந்துவிடும். போல்டைக் கழற்றி மரையை எண்ணெய் போகத் துடைத்து, மரையைப் பிடித்துவைக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு விட்டு முறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டினால்தான் கழலும். வலப்பக்கக் கீழ்ப் போல்ட் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே நீட்டினாலும் மிகச்சிறிய பல்சக்கரத்தில் ஓடும் சங்கிலி அதில் உரசும். அங்கே மட்டும் நீளத்தை அளந்து போடுங்கள்.

முதல் நாள் 20 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, பிறகு தினமும் காலையில் ஒரு முறை அலன் கீ வைத்துப் பாருங்கள். போல்ட் முறிந்து துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டால் ஹோஸ் கிளிப்பால் கேரியர் காலை ஃபிரேமோடு இறுக்கி அடுத்த ஊர் வரை ஓட்டலாம். நாலு உதிரி போல்ட், இரண்டு கிளிப், சங்கிலி இணைப்பு ஒன்று, ஆளுக்கு இரண்டு டியூப், உங்கள் ஃபிரேமுக்கே பொருந்தும் டெரெய்லர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியைத் தாங்கும் துண்டு) ஒன்று. கடைசியாகச் சொன்னது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும், வழியில் கிடைக்காது.

கேள்வி: சைவம் கிடைக்குமா? குடிதண்ணீர்?
- ஆயர் ஈத்தாம் வாசகர்

பதில்: கிடைக்கும், கேட்ட நேரத்தில் அல்ல. கிராமத்து உணவகங்களில் மதியம் 2 மணிக்கு அடுப்பணைந்துவிடும். ஞாயிறு பிற்பகல் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், திங்கட்கிழமை பல ரொட்டிக் கடைகளும். சனிக்கிழமையே ரொட்டி, சீஸ், பழம், டின் கடலை வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. பிளேன் மரங்களில் 2006-இல் கண்டறிந்த பூஞ்சை நோய்க்காக ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டதால் நிழலே இல்லாத நீண்ட பகுதிகள் உண்டு. ஆளுக்கு இரண்டு லிட்டர் கையிருப்பு வேண்டும்.

கேள்வி: வியர்வைக்குக் கால்வாயிலேயே குளிக்கலாமா?
- அதே வாசகர்

பதில்: கூடாது, தடை. நம்மூரில் கென்சிங் தீக்குஸ் என்கிறோமே, அந்த எலிக் காய்ச்சல் அங்கேயும் உண்டு. சிராய்ப்பில் கால்வாய்த் தண்ணீர் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.