பட்டம் இருந்துவிட்டுப் போகட்டும், படிப்பு நிற்கக் கூடாது

கேள்வி: எங்கள் முன்னோர் தென்மாவட்டம் ஒன்றில் சிறிய ஜமீனாக இருந்தவர்கள். 1948 சட்டத்தோடு ஜமீன் போய்விட்டது. அப்பா பிறந்ததே அதற்குப் பிறகுதான். ஆனாலும் லெட்டர்பேடில் பட்டப் பெயர், கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காகப் பங்காளிகளோடு வழக்கு. சென்ற ஆண்டு மண்டகப்படிக்காக நிலத்தை வைத்துக் கடன் வாங்கினார். பிளஸ் டூ படிக்கும் தம்பியிடம், "சம்பளத்துக்குக் கைகட்டி நிற்கிற வம்சம் இல்லை நாம்" என்கிறார். அவனும் நம்பத் தொடங்கிவிட்டான். நான் வேலைக்குப் போவதே அவருக்கு அவமானம். இல்லாத சிம்மாசனத்துக்கு வாரிசாக இருப்பதால் என்ன பயன்? அப்பாவை எப்படித் திருத்துவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: திருத்தும் யோசனையை முதலில் கைவிடுங்கள். லெட்டர்பேடில் இரண்டு வரி கூடுதலாக அச்சாவதால் யார் குடியும் முழுகிவிடாது. கைவிட்டுப் போகப் போவது நிலம். அதைவிடப் பெரிது, உங்கள் தம்பியின் படிப்பு. மூன்றையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவிடமும் அப்படித்தான் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பட்டத்தைத் தொட்டவுடன் அவருக்குக் கோபம் வந்துவிடும்; மற்ற இரண்டும் காதில் விழாது.

வாரிசாக இருப்பதால் என்ன பயன் என்ற உங்கள் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். நாடே கைவிட்டுப் போன பிறகும் வாரிசாக வளர்க்கப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஓட்டோ வான் ஹாப்ஸ்பர்க், ஆஸ்திரியா–ஹங்கேரியின் கடைசிப் பேரரசர் கார்லின் மூத்த மகன். 1916 டிசம்பரில் புடாபெஸ்ட்டில் கார்ல் முடிசூட்டிக்கொண்டபோது எடுத்த படம் ஒன்று உண்டு. கிரீடத்தோடு தந்தை, பக்கத்தில் தாய், நடுவில் இறகு செருகிய தொப்பியோடு நான்கு வயதுப் பையன். இரண்டே ஆண்டுகளில் பேரரசு கலைந்தது. உரிமையைத் துறக்காத ஹாப்ஸ்பர்க் யாரும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 1919-இல் ஆஸ்திரியா சட்டம் போட்டது. கடைசியில் குடும்பம் போய் ஒதுங்கியது போர்ச்சுகலின் மதீரா தீவில். 1922 ஏப்ரல் முதல் தேதி அங்கே நிமோனியாவில் கார்ல் இறந்தபோது அவருக்கு வயது 34. மனைவி ஸிட்டாவின் வயிற்றில் எட்டாவது குழந்தை. ஒன்பது வயது ஓட்டோ அன்றிலிருந்து விசுவாசிகளுக்குப் பேரரசர்.

இந்த ஸிட்டா அம்மையாரின் பிடிவாதத்துக்கு முன்னால் உங்கள் அப்பாவெல்லாம் சாதாரணம். 1989-இல் கண்மூடும்வரை கறுப்பு உடையைக் களையவில்லை. உரிமையை ஒருநாளும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் லெகெய்த்தியோ என்ற சிற்றூரில், பெரும்பாலும் பிறர் தயவில் குடித்தனம். ஆனால் மகன் நாளைக்கு ஆளப் போகிறவன் என்று நம்பியதால்தான் அவர் அவனை விடாமல் படிக்க வைத்தார். குடிமக்களின் பேச்சு விளங்காதவன் எப்படி அரசனாவான்? ஜெர்மன், ஹங்கேரியன், குரோஷியன், போதாததற்குப் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், லத்தீன். 1935-இல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் ஓட்டோ முனைவர் பட்டமும் வாங்கினார். உங்கள் வீட்டில் வம்சப் பெருமை படிப்பைத் தடுக்கிறது. அந்த வீட்டில் அதே பெருமைதான் பையனை விடியற்காலையில் எழுப்பிப் புத்தகத்தின் முன் உட்கார வைத்தது.

சிம்மாசனம் வரவே இல்லை. ஹிட்லரை எதிர்த்தார், 1938-இல் ஆஸ்திரியாவுக்குள் புகும் ராணுவத் திட்டத்துக்கு ஜெர்மனி வைத்த பெயரே 'ஓட்டோ'தான். 1940-இல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். போருக்குப் பிறகு ஜெர்மனியின் பவேரியாவில் ஓர் ஏரிக்கரை ஊரில் குடியேறி, எழுத்தும் சொற்பொழிவுமாகப் பிழைத்தார். ஆம், உங்கள் அப்பா வெறுக்கிற அதே சம்பாத்தியம். 1961-இல் சிம்மாசன உரிமையைத் துறந்து கையெழுத்துப் போட்டார். போட்டதும் கதவு திறந்துவிடவில்லை. வழக்கும் அரசியல் சண்டையுமாக இழுத்து, 1966-இல்தான் ஆஸ்திரியா அவருக்குப் பாஸ்போர்ட் கொடுத்தது. அந்தக் கையெழுத்தைப் பற்றி முதுமையிலும் கசப்போடுதான் பேசினார். பட்டத்தைத் துறப்பது அறிவாளிகளுக்கே அவ்வளவு வலிக்கிறது என்றால், அப்பாவிடம் அதைச் சாப்பாட்டு வேளையில் கேட்பது நியாயமா, யோசியுங்கள்.

ஆனால் அதன் பிறகுதான் அவருடைய நல்ல காலம். 1979-இல், 66 வயதில், ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு இருபது ஆண்டுகள் இருந்தார். சிறுவயதில் படித்த அத்தனை மொழியும் அங்கே கைகொடுத்தது. 1989 ஆகஸ்ட் 19 அன்று ஹங்கேரி எல்லையில் ஷோப்ரோன் நகருக்கு அருகே நடந்த 'பிக்னிக்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில மணி நேரம் திறந்த வாயில் வழியாக அறுநூறுக்கும் மேற்பட்ட கிழக்கு ஜெர்மானியர்கள் ஆஸ்திரியாவுக்குள் ஓடினார்கள். அதன் புரவலர்களில் ஒருவர் ஓட்டோ. தாத்தாக்கள் ஆண்ட மண்ணில் அவர் செய்த ஆகப் பெரிய காரியம், கம்யூனிச நாடுகளை மேற்கிலிருந்து பிரித்த கம்பிவேலி திறக்க உதவியது!

2011 ஜூலையில் 98 வயதில் இறந்தார். வியன்னாவில் முன்னோர்கள் துயிலும் கப்புச்சின் மடத்துக் கல்லறைக்கு உடலைக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சடங்கு. மூடிய கதவைத் தட்டினால், "யார் வருவது?" என்று உள்ளிருந்து துறவி கேட்பார். முதலில் அரச பட்டங்கள் முழுவதையும் மூச்சுவிடாமல் வாசித்தார்கள். "எங்களுக்குத் தெரியாது." இரண்டாம் முறை, முனைவர் பட்டம், நாடாளுமன்றப் பதவி, விருதுகள். "தெரியாது." மூன்றாம் முறை, "ஓட்டோ, சாகப் பிறந்த ஒரு பாவி." கதவு திறந்தது. முதல் பட்டியல் பிறப்பால் வந்தது; இரண்டாவது பட்டியலை மட்டும் அவரே உழைத்துச் சம்பாதித்திருந்தார்.

எல்லா வாரிசுகளும் இப்படித் தேறவில்லை. அல்பேனியாவின் அரசர் ஸோகின் மகன் லேகா பிறந்தது 1939 ஏப்ரல் 5. இத்தாலியப் படை ஏழாம் தேதி புகுந்தது. இரண்டு நாள் குழந்தையோடு குடும்பம் ஓடியது. தந்தை 1928-இல் தாமே தொடங்கிய அரசு அது, பதினொரு ஆண்டுகூட முழுதாக ஓடவில்லை. அதற்காக லேகா தம் வாழ்நாளையே காத்திருப்பில் கழித்தார். ஆயுத மோகம் வேறு. ஸ்பெயின் அவரை 1979-இல் வெளியேற்றியது. 1993-இல் தாய்நாட்டுக்குப் போனபோது, சொந்த அலுவலகமே அச்சிட்ட பாஸ்போர்ட்டில் தொழில் என்ற இடத்தில் 'அரசர்' என்று போட்டிருந்தார். 1997 வாக்கெடுப்பில் மன்னராட்சிக்குக் கிடைத்தது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்கு. அவர் மகன், அதே பெயர்தான், பிற்பாடு அல்பேனிய வெளியுறவு அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இதை உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்: அரசர் மகன், அரசுச் சம்பளம்.

அப்பாவிடம் ஐரோப்பாவை எடுத்தால் எடுபடாது. புதுக்கோட்டையைச் சொல்லுங்கள். சமஸ்தானமே 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்துவிட்டது. மன்னரின் அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் உட்கார்ந்து மனு வாங்குகிறார். அங்கீகரிக்கப்பட்ட மன்னர்களுக்கு இருந்த அந்தஸ்தும் மானியமும் 1971 அரசியல் சட்டத் திருத்தத்தோடு போயின. அவர்களுக்கே அப்படி என்றால், ஜமீனுக்கு என்ன?

இனி செய்ய வேண்டியது. பட்டத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். மண்டகப்படிக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என்று ஒரு தொகையை உங்கள் சம்பளத்திலிருந்து நீங்களே கொடுங்கள். பதிலுக்கு இரண்டு நிபந்தனை: தம்பி கல்லூரியில் சேர வேண்டும், திருவிழாவுக்கு இனிக் கடன் கூடாது. பரிவட்டத்தை அப்பாவே கட்டிக்கொள்ளட்டும். பெண் சம்பாத்தியமா என்று முகம் சுளித்தால், சாமி செலவுக்குப் போகிற பணத்துக்கு ஆண், பெண் கிடையாது என்று அம்மாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் அது வாக்குவாதமாகிவிடும்.

நிலம் பூர்வீகச் சொத்தாக இருந்தால் உங்களுக்கும் அதில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாடு இதை 1989-இலேயே சட்டமாக்கியது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. பதினெட்டு முடிந்ததும் தம்பியிடம் கையெழுத்துக் கேட்டு வருவார்கள். பத்திரத்தை முழுவதும் படிக்காமல் போடக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பத்திரத்தைக் கையில் கொடுத்து, பதிவு செய்யாமல் வாங்கிய கடன் அதில் வராது. ஆகவே மூலப் பத்திரம் இப்போது பீரோவில் இருக்கிறதா, வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். வெளியாரிடம் இருந்தால் தாமதிக்காமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.