ரைசன் 5 3600 கணினிச் சிப்பின் வேகத்தை 4.4 கிகாஹெர்ட்சுக்கு ஏற்றலாமா?

தம்பி, திருகோணமலை உவர்மலையில் ஏசி இல்லாத அறை, சிப்பின் பெட்டியோடு வந்த சின்னக் கூலர், பி450 மதர்போர்ட், வீடியோ எடிட்டிங் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அந்தச் சிப் தேவைப்படும்போது தானாகவே 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். சிப்புக்குள் இருக்கும் எல்லாக் கோர்களையும் (கணக்குப் போடும் பகுதிகளையும்) 4.4இல் நிறுத்தி வைக்கப் பெரும்பாலும் வோல்டேஜைக் கூட்ட வேண்டிவரும். சூடு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 1.4 வோல்ட்டை நிலையாகக் கொடுத்து மணிக்கணக்கில் ரெண்டர் செய்தால் சிப் மெல்ல மெல்லத் தேயும். யூடியூபில் காட்டுகிறவர்கள் 24 பாகை அறையில் 80 பாகை காட்டினால், கச்சான் காற்று வீசும் நாட்களில் நம் ஊரின் 34 பாகையில் அதே வேலை கிட்டத்தட்ட 90ஐத் தொடும். 95இல் சிப் தானே வேகத்தைக் குறைத்துவிடும். அப்புறம் என்ன லாபம்? வாரண்டியும் போய்விடும்.

முதலில் பயாசுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரைக்குள்) போய் ராமின் வேகத்தைப் பாருங்கள். 3200 ராம் வாங்கியும் அதை அந்த வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பைப் போடாமல் 2133இலேயே ஓட்டுபவர்கள் நிறையப் பேர். கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் ஓவர்கிளாக்தான், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான், ஆனால் 3200 இந்தச் சிப்புக்கு இயல்பான வேகம், பயப்படத் தேவையில்லை.

அடுத்து கூலரைக் கழற்றித் துடையுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் தூசு தகடுகளுக்கிடையே பசைபோல ஒட்டியிருக்கும், ஊதினால் போகாது, மெல்லிய தூரிகை வேண்டும். சிப்புக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

காசு இருந்தால் நல்ல டவர் கூலர் (உயரமான பெரிய கூலர்) ஒன்று வாங்குங்கள். வேகத்தைச் சிப்பே பார்த்துக்கொள்ளும்.