ஆங்கிலத்தில் உள்ள விசித்திரமான நீளச் சொற்கள் எவை? அவற்றின் பொருள் என்ன?

இப்படிக் கேட்டால் எல்லாரும் முதலில் எடுத்துப் போடுவது அந்த 45 எழுத்துச் சொல்லைத்தான்: நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கனோகோனியோசிஸ். பள்ளி வினாடி வினாவுக்காக நானும் இதை உருப்போட்டிருக்கிறேன். மைக்ரோஸ்கோப்பிலும் சிக்காத அளவு பொடியான சிலிக்கா தூசி, அதுவும் எரிமலைத் தூசி, மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் வரவழைக்கும் நோய் என்பது பொருள். ஆனால் எந்த மருத்துவரும் இதை மருந்துச் சீட்டில் எழுதுவதில்லை. 1935-ல் அமெரிக்காவின் தேசியப் புதிர்க்காரர்கள் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித், இருப்பதிலேயே நீளமான சொல் என்று சொல்லிக்கொள்வதற்காகவே கோத்துக் கட்டியது இது. செய்தித்தாளில் வந்தது, அப்புறம் அகராதிக்குள்ளும் நுழைந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இதைச் செயற்கையாக உண்டாக்கிய சொல் என்றுதான் குறிக்கிறது.

சொல் செயற்கை, ஆனால் அந்த நோய் நிஜம். சிலிக்கோசிஸ் என்பார்கள். அதற்கு எரிமலைப் பக்கம் போகவே வேண்டாம், கல் உடைக்கிற இடத்தில், பாறையைத் துளைக்கிற இடத்தில், மணலை வீசியடித்து இரும்பைச் சுத்தம் செய்கிற இடத்தில் சரியான பாதுகாப்பில்லாமல் வேலை பார்த்தாலே போதும். நுரையீரலின் காற்றறைகள்வரை போய்விட்ட தூசியை உடம்பால் கரைக்க முடியாது, அதை விழுங்க வரும் செல்கள் செத்துப்போகின்றன, அந்த இடமெல்லாம் தழும்பாக இறுகுகிறது. இறுகியதை மறுபடி இளக்க மருந்து இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் 1930-ல் நீர்மின் திட்டத்துக்காக மலையைக் குடையத் தொடங்கினார்கள். சிலிக்கா நிறைந்த பாறை, முகமூடி கிடையாது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1936-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்தச் சொல் பிறந்திருக்கிறது. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி செய்தவர்களையும், குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல்லுக்கு மெருகேற்றுகிறவர்களையும் இந்த நோய் வாரிக்கொண்டு போயிருக்கிறது. இந்தச் சொல்லை யாருக்காவது சொல்லிக் கொடுத்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எழுத்தை மட்டும் எண்ணிவிட்டுப் போகவேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்த நீளச் சொல் வேறு. சூடோசூடோஹைப்போபாராதைராய்டிசம், 30 எழுத்து. பார்த்தால் விளையாட்டுக்கு எழுதியது போல இருக்கும், ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பாராதைராய்டு என்று பொடிப்பொடியாகச் சில சுரப்பிகள், பெரும்பாலானவர்களுக்கு நான்கு. அவை விடும் ஹார்மோன்தான் ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. அது போதுமான அளவு சுரக்காவிட்டால் ஹைப்போபாராதைராய்டிசம். அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவரோடு இருந்தவர்களும் 1942-ல் வேறு மாதிரியான நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கால்சியம் குறைவாக இருக்கிறது, ஆனால் ஹார்மோனை ஊசியாகப் போட்டாலும் உடம்பு அதைக் கண்டுகொள்வதில்லை. குள்ளமான உருவம், வட்ட முகம், நாலாவது விரலுக்கு அடியில் உள்ளங்கை எலும்பு குட்டையாக இருப்பது என்று தனி அடையாளங்களும் இருந்தன. குறைபாடு மாதிரித் தெரிகிற போலி என்பதால் முன்னால் ஒரு 'சூடோ' சேர்ந்தது. பிறகு 1952-ல், அதே முகம், அதே விரல், ஆனால் கால்சியம் சரியாகவே இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதும்போது, போலிக்கும் போலி என்று இன்னொரு 'சூடோ'. இன்று இரண்டுமே ஜிஎன்ஏஎஸ் என்ற ஒரே மரபணுவில் வரும் கோளாறு என்று தெரிகிறது. பழுதுள்ள மரபணு தாயிடமிருந்து வந்தால் பொதுவாகக் கால்சியமும் குறையும், தந்தையிடமிருந்து வந்தால் உடல் அடையாளங்கள் மட்டும் வரும். ஒரே குடும்பத்தில் இரண்டும் இருக்கலாம். இவ்வளவையும் ஒரு பெயர் சுமக்கிறது என்றால் 30 எழுத்து எனக்கு நீளமாகவே தெரியவில்லை.

ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம், 28 எழுத்து, அரசியலிலிருந்து வந்தது. இங்கிலாந்துத் திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள பிணைப்பை அறுக்கவேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒரு சாரார் கேட்டார்கள், கூடாது என்றவர்களின் நிலைப்பாடு இது. அயர்லாந்தில் 1871-லும் வேல்ஸில் 1920-லும் அந்தப் பிணைப்பு அறுந்தது. இங்கிலாந்தில் இன்னும் இருக்கிறது, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகளுக்கு இடம் இருப்பதும் அதனால்தான்.

ஃப்ளாக்சினாசினிஹிலிபிலிஃபிகேஷன் நம்மில் பலருக்கு 2018-ல் சசி தரூர் தன் புத்தகத்தைப் பற்றி ட்விட்டரில் எழுதியபோதுதான் தெரியவந்தது. 29 எழுத்து, ஒன்றை ஒன்றுக்கும் உதவாதது என்று மதிப்பிடுவது. லத்தீன் இலக்கணப் பாடத்தில் 'மதிப்பில்லாதது' என்பதற்கு வரிசையாக வரும் நான்கு சொற்களை ஒட்டியது. வில்லியம் ஷென்ஸ்டோன் என்ற கவிஞர் 1741-லேயே கடிதத்தில் எழுதியிருக்கிறார், அங்கே அது பணத்தை மதிக்காத ஒருவரைப் பாராட்ட வருகிறது.

கடைசியாக ஹானரிஃபிகபிலிடூடினிடாடிபஸ், 27 எழுத்து, மெய்யும் உயிரும் மாறி மாறியே வரும். சிறப்புகளை அடையத் தக்க நிலை என்று சொல்லலாம். ஷேக்ஸ்பியரின் லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட் நாடகத்தில் வருகிறது. 1910-ல் ஒருவர் இந்த எழுத்துகளைக் கலைத்து அடுக்கி, ஷேக்ஸ்பியர் நாடகங்களை உண்மையில் எழுதியது அவர் காலத்து அறிஞர் பிரான்சிஸ் பேக்கன்தான் என்று லத்தீனில் ஒரு வாக்கியம் எடுத்துக் காட்டினார். அந்த வாதம் நிற்காது. ஷேக்ஸ்பியரும் பேக்கனும் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இடைக்கால லத்தீனில் இந்தச் சொல் புழங்கியது, இடைக்கால இத்தாலியக் கவிஞர் தாந்தேகூட நீளச் சொல்லுக்கு உதாரணமாக இதைத்தான் காட்டியிருக்கிறார்.