செகண்ட்ஸில் ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பலவும் 'எந்த பிராண்ட் எடுக்கலாம்?' என்றுதான் ஆரம்பிக்கின்றன. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய வண்டியில் பிராண்டைவிட பில் ஃபைல்தான் முக்கியம் என்பது என் கட்சி. ஒவ்வொரு மாடலுக்கும் ஊரறிந்த ஒரு வியாதி உண்டு. அதற்குப் பழைய ஓனர் ஏற்கெனவே செலவு செய்து முடித்திருக்கிறாரா, இல்லை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறாரா என்பதுதான் பேரத்தில் பாதி.

கே: கையில் 40 லட்சம் இருக்கிறது. 2010 போர்ஷே பாக்ஸ்டர், 2013 பிஎம்டபிள்யூ இசட்4 35ஐ, 2012 மெர்சிடிஸ் எஸ்எல்கே 350 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வால்பாறை, கோத்தகிரி போய்வரத்தான். எதை எடுக்கலாம்? (கோவை வாசகர்)

ப: முதலில் அந்த 40 லட்சத்தை வண்டி விலையாக நினைக்காதீர்கள். 32, 33க்குள் வண்டியை முடியுங்கள், மீதி பாங்கிலேயே இருக்கட்டும். டயர், பிரேக், பாட்டரி, ஆயில் வகைகள், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் முதல் வருடத்திலேயே வரிசை கட்டி வரும். வண்டியின் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கலாம். ஸ்பேர் விலை அப்படி இறங்குவதில்லை, ஏறத்தான் செய்யும்.

மூன்றில் என் மனம் பாக்ஸ்டர் பக்கம்தான். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. வால்பாறைப் பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த எடைப் பங்கீடு என்ன செய்யும் என்பதை ஓட்டினால்தான் தெரியும். முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி இருப்பதால் இரண்டு பேர் சாமானுக்குத் தாராளமாக இடமும் உண்டு.

ஆனால் வருடம் முக்கியம். 2008 மாடல் வரையிலான பாக்ஸ்டர் எஞ்சினுக்குள் ஓர் இடைத்தண்டு உண்டு. அதன் பேரிங் உடைந்தால் எஞ்சினே காலி. 'ஐஎம்எஸ் பேரிங்' என்று உலகம் முழுக்கப் போர்ஷேக்காரர்கள் பயந்து பேசுவது இதைத்தான். 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. ஆர்.சி.யில் பதிவுத் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். 2008இல் தயாராகி, ஷோரூமில் நின்று, அடுத்த வருடம் பதிவான வண்டியும் இருக்கலாம். ஆட்டோமேட்டிக் என்றால் சுலபமான அடையாளம் ஒன்று உண்டு: கியர்பாக்ஸ் டிப்ட்ரானிக் என்றால் பழைய எஞ்சின், பிடிகே என்றால் புதியது.

இன்னொன்று, 2010 வண்டிக்கு ஆர்.சி.யின் 15 வருடக் கெடு முடிந்திருக்கும். எஃப்.சி. காட்டிப் புதுப்பித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த வேலையை விற்பவரே முடித்துத் தரட்டும்.

இசட்4இன் ட்வின் டர்போ எஞ்சின் அருமையானது, அதன் உயர் அழுத்த ஃப்யூயல் பம்ப் அப்படி அல்ல. இதே எஞ்சின் வந்த கார்களை இந்த பம்புக்காகவே 2010இல் அமெரிக்காவில் பிஎம்டபிள்யூ திரும்ப அழைத்தது. ஸ்டார்ட் செய்யும்போது திணறுகிறதா, ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது இழுவை விட்டுப் போகிறதா, டர்போ பக்கம் தகரம் அதிர்கிற சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். மடங்கும் கூரையை ஒரு முறைக்கு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். இடையில் நின்றால் ஹைட்ராலிக் செலவு காத்திருக்கிறது.

எஸ்எல்கே மூன்றிலும் சாதுவான வண்டி. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது, எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயினின் சத்தம் வருகிறதா என்பதுதான் முக்கிய சோதனை. நீங்கள் போவதற்கு முன்பே விற்பவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், டீ குடித்துவிட்டு சாயங்காலம் திரும்பிப் போங்கள்.

கொச்சியிலோ பெங்களூருவிலோ உள்ள போர்ஷே சென்டரில் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் பாக்ஸ்டர். மறுத்தால் எஸ்எல்கே.

கே: 12 வருடப் போர்ஷே, மீட்டரில் 14,000 கி.மீ. மட்டுமே. 'ஓடவே இல்லை சார், புது வண்டி மாதிரி' என்கிறார் புரோக்கர். நம்பலாமா? (சேலம் வாசகர்)

ப: மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது. போர்ஷேயின் எஞ்சின் கம்ப்யூட்டர், எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தனியாகப் பதிவு செய்து வைக்கும். கம்பெனி ஸ்கேனரில் அதை எடுக்கலாம். கி.மீ.யை அந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 14,000 கி.மீ.க்கு 600 மணி நேரம் என்றால் சராசரி மணிக்கு 23 கி.மீ. நம்ம ஊர் டிராஃபிக்குக்கு இது நியாயம். 2,000 மணி நேரம் காட்டினால் சராசரி 7 கி.மீ. வண்டி ஓடியதா, தவழ்ந்ததா? அதே ரிப்போர்ட்டில் எஞ்சினை வரம்பு மீறி எத்தனை முறை விரட்டினார்கள், எந்த மணி நேரத்தில் விரட்டினார்கள் என்பதும் வரும். மேனுவல் கியர் வண்டியில் இது ரொம்ப முக்கியம். அவசரத்தில் மேல் கியருக்குப் பதில் கீழ் கியரைப் போட்டவர்களின் கைங்கரியம் அதில் தெரிந்துவிடும்.

சரி, மீட்டர் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 'ஓடவே இல்லை' என்பது முழுக்க நல்ல செய்தி அல்ல. நின்ற வண்டியில் ரப்பர் காயும், சீல் கசியும், பிரேக் டிஸ்க் துரு பிடிக்கும், பாட்டரி சாகும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 1814 என்றால் 2014ஆம் வருடத்தின் 18ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மீதம் இருந்தாலும் அந்த டயரை மாற்றியே ஆக வேண்டும். வருடத்துக்கு நான்காயிரம், ஐந்தாயிரம் கி.மீ. ஓடி, வருடம் தவறாமல் ஆயில் மாற்றிய 55,000 கி.மீ. வண்டி கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கே: சென்னையில் ஒரு ஆடி டிடி, மார்க்கெட் விலையைவிட நாலைந்து லட்சம் குறைவாக வருகிறது. வெள்ளத்தில் மாட்டியதோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? (வேளச்சேரி வாசகர்)

ப: உங்கள் ஏரியாக்காரர்களுக்கு இந்தப் பயம் இருப்பதில் ஆச்சரியமில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எத்தனை பேஸ்மென்ட் பார்க்கிங்குகள் மூழ்கின என்பது உங்களுக்கே தெரியும். மூழ்கிய வண்டிகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போவதில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து ஏலம் விட்ட வண்டியை யாரோ எடுத்து, துடைத்து, சீட் மாற்றி, வேறு ஊருக்குக் கொண்டுபோய் விற்பதும் நடக்கிறது. ஆர்.சி.யில் இதெல்லாம் தெரியாது.

அதனால் பேப்பரில் ஆரம்பியுங்கள். பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேட்டு வாங்கி, நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்காகக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) எந்த வருடம் பூஜ்யத்துக்கு விழுந்தது என்று பாருங்கள். வெள்ளம் வந்த வருடத்தோடு அது பொருந்தினால் விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். சேஸிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டுகளை, ஓனர் சம்மதத்தோடு, கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் வண்டி. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவியிருப்பார்கள், ரீலுக்குள் சுருண்டிருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி அடித்தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். மேலே புத்தம் புது லெதர், கீழே துருப்பிடித்த போல்ட் என்றால் கிளம்பிவிடலாம். டிக்கி தரைக்கு அடியில் உள்ள குழி, கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள ஸ்பாஞ்ச், ஹெட்லைட்டுக்குள் நீர்க் கறை, வயர் சாக்கெட்டுகளில் பச்சைப் பூஞ்சணம் போன்ற களிம்பு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். காருக்குள் வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் சந்தேகமும் தூக்கலாக இருக்கட்டும். ஏசியைப் போட்டு, ஜன்னலை ஏற்றி, கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள், ஈர வாடை தானாக வரும்.

எஞ்சினைவிட எலெக்ட்ரானிக்ஸ்தான் இதில் ஆபத்து. இந்த வகைக் கார்களில் கன்ட்ரோல் யூனிட்டுகள் சீட்டுக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் தாழ்வான இடங்களில் ஒளிந்திருக்கும். இன்று வேலை செய்யும், ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக மண்டையைப் போடும். திறந்த கூரை வண்டிகளுக்கு வெள்ளமே வேண்டாம். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் துணிக் கூரையின் வடிகால் துளைகளில் இலைதழை அடைத்தால் போதும், மழைநீர் உள்ளே இறங்கி சீட்டுக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைஸர் (திருட்டுத் தடுப்பு) யூனிட்டை நனைத்து, வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. வேப்ப மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கவனிக்கவும்.

கே: புதுச்சேரி பதிவு வண்டி ஒன்று விலை குறைவாக இருக்கிறது. எடுத்து அப்படியே மதுரையில் ஓட்டலாமா? (மதுரை வாசகர்)

ப: அப்படியே ஓட்ட முடியாது. வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், அதற்கு முன்பே வாழ்நாள் வரியும் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி ஏறியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கு ஏற்பக் கழிவு உண்டு என்றாலும், கணக்கு நீங்கள் கொடுக்கும் விலையை வைத்து அல்ல, வண்டியின் அன்றைய புது விலையை வைத்துத்தான். அன்று 60, 70 லட்சம் போன கார் என்றால் வரி எங்கே போய் நிற்கும் என்று ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். 'விலை குறைவு' என்பது பெரும்பாலும் இந்த வரிதான்.

என்ஓசி (தடையில்லாச் சான்று), படிவம் 28, 29, 30, கடன் இருந்திருந்தால் பாங்கு கையெழுத்திட்ட படிவம் 35 எல்லாம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். முதல் ஓனர் நிஜமாகவே புதுச்சேரியில் குடியிருந்தவரா என்பதையும் பாருங்கள். வரிக்காகப் போலி முகவரியில் பதிவு செய்த சொகுசு கார் வழக்குகள் கேரளத்தில் பெரிய செய்தியாக அடிபட்டவை. இன்னொரு விஷயம், இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது.

கே: லண்டனில் இருக்கிறேன். 15,000 பவுண்ட். 2006 பாக்ஸ்டர் எஸ் நல்ல நிலையில் 10,000க்கு வருகிறது. கொஞ்சம் போட்டு 2009 எடுப்பதா? (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

ப: 2009. ஐஎம்எஸ் பற்றி மேலே சொன்னேன். 2006 வாக்கில் அந்த பேரிங்கைப் பெரிதாக்கினார்கள், உடைவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. 2007, 2008இன் 3.4 லிட்டர் எஞ்சினில் சிலிண்டர் சுவர் கீறிப்போகும் பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும். வாங்குவதானால் உள்ளே கேமரா விட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அந்த 2006 வண்டியே வேண்டும் என்றால் முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2006 மார்ச் 23க்கு முன் பதிவான வண்டிகளுக்கு ரோடு டாக்ஸில் ஒரு உச்ச வரம்பு உண்டு. அதற்குப் பிறகு பதிவானவை கரியமில வாயு அளவைப் பொறுத்து அதிக வரிப் பட்டைகளுக்குப் போய்விடும். ஒரே கார், ஒரு வாரம் தள்ளிப் பதிவானதற்காக ஒவ்வொரு வருடமும் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். எம்ஓடி (அங்கே வருடா வருடம் நடக்கும் கட்டாய வண்டிப் பரிசோதனை) வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வருடா வருடம் மீட்டர் அளவும், டெஸ்டர் எழுதிய குறிப்புகளும் அங்கே கிடக்கும். இப்படி ஒரு வசதி இங்கே இல்லையே என்று எனக்குப் பொறாமைதான்.

கே: மஸ்டாங் ஜிடி. ஃபோர்டுதான் போய்விட்டதே, பயப்பட வேண்டுமா? (திருச்சி வாசகர்)

ப: எஞ்சினைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். 2016இல் இங்கே வந்த ஜிடியில் இருப்பது டர்போ இல்லாத 5 லிட்டர் வி8. இந்தப் பட்டியலில் இதுதான் முரட்டு ஆரோக்கியம். பின்னால் குழந்தைகள் உட்காரவும் இடம் உண்டு. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது 2021இல், சர்வீஸும் ஸ்பேரும் நிற்கவில்லை. மஸ்டாங் எப்போதுமே இறக்குமதி வண்டிதான் என்பதால் பம்பர், ஹெட்லைட், கண்ணாடி போன்ற பாகங்களுக்குத்தான் காத்திருப்பு. அதனால் முன் பம்பரில் விரிசல் உள்ள வண்டி என்றால், புதுப் பம்பர் மாட்டிய பிறகு வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் தெரு வேகத்தடைகளையும் ஒரு முறை அளந்து பாருங்கள்.

கே: 'ஸ்டேஜ் 2 ட்யூன்' (எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரையும் சில பாகங்களையும் மாற்றுவது) செய்த வண்டி, அதே விலைக்கு அதிக பவர். எடுக்கலாமா? (ஓசூர் வாசகர்)

ப: வேண்டாம்.

கே: இந்த வயதான வண்டிகளுக்கு ஈ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) ஒத்துக்கொள்ளுமா? (நாகர்கோவில் வாசகர்)

ப: கையேட்டிலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ எத்தனை சதவீத எத்தனால் வரை என்று போட்டிருந்தால் அதுதான் வேதவாக்கு. தினமும் ஓடும் வண்டியைவிட, மாதக் கணக்கில் நிற்கும் வண்டிக்கே ஆபத்து அதிகம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ்களையும் பதம் பார்க்கும். வருடத்துக்கு மூவாயிரம் கி.மீ. ஓடும் வார இறுதி வண்டி என்றால், எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கும் இடத்தில் அதையே போடுங்கள். லிட்டர் விலை கசக்கும்தான், ஆனால் எத்தனை லிட்டர் போடப் போகிறீர்கள்? வாங்கும்போதே ஹோஸ்களின் வயதையும் பார்த்துவிடுங்கள்.

கே: நான் பார்த்த போர்ஷேயில் பிரேக் காலிப்பர் மஞ்சள் நிறம். அழகாக இருக்கிறது. அதற்காகக் கூடுதலாகக் கேட்கிறார். (ஈரோடு வாசகர்)

ப: மஞ்சள் என்றால் செராமிக் பிரேக் என்று அர்த்தம். ரேஸ் டிராக்கில் திரும்பத் திரும்ப அழுத்தினாலும் சோர்ந்து போகாது. இருங்காட்டுக்கோட்டைக்கு மாதாமாதம் போகிறவர் என்றால் யோசிக்கலாம். ஈரோடு-பெருந்துறை ரோட்டில் அதற்கு வேலை இல்லை. டிஸ்க்குகளை மாற்றும் நாள் வந்தால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும், ஒரு நல்ல சின்னக் கார் வாங்கும் காசு. டிஸ்க்கின் ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெயர்ந்திருந்தால் கூடுதல் கேட்பவரிடம் நீங்கள் குறைத்துக் கேட்கலாம். அதற்கும் முன்னால், சாதா காலிப்பருக்கு யாராவது மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார்களா என்று நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.